எந்த இடத்தில், எந்த வேலைக்கு, எத்தனை ஆண்டுக்கு

1946இல் பாரிஸ் நகரத்து எலும்பு அறுவை மருத்துவர்களான ஜூடே சகோதரர்கள், கெட்டுப்போன இடுப்பு மூட்டுகளில் தொடை எலும்பின் பந்துமுனையை அகற்றிவிட்டு அக்ரிலிக் பிளாஸ்டிக்கால் ஆன பந்தைப் பொருத்தத் தொடங்கினார்கள். நடக்க முடியாதிருந்தவர்கள் வலியில்லாமல் நடந்தார்கள். ஐரோப்பாவின் மற்ற மருத்துவர்களும் அந்த முறையை எடுத்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் பந்துகள் தேய்ந்தன, காம்புகள் முறிந்தன, உதிர்ந்த துகள்களைச் சுற்றித் திசு அழன்றது. அந்த மூட்டு கைவிடப்பட்டது. 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர் அதே அக்ரிலிக்கில் செய்த லென்ஸைக் கண்புரை நீக்கிய கண்ணுக்குள் வைத்தார். அந்தப் பொருள் அதன்பின் கோடிக்கணக்கான கண்களுக்குப் பார்வையைத் திருப்பித் தந்தது. 1950களின் இறுதியில் ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய மருத்துவர் அதே அக்ரிலிக்கைச் செயற்கை மூட்டை எலும்போடு பிணைக்கும் சிமென்ட்டாகப் பயன்படுத்தினார். அந்த சிமென்ட் இன்றும் பயனில் இருக்கிறது. பந்தாக இருந்து இடுப்பில் தோற்ற பொருள் லென்ஸாகக் கண்ணில் வென்றது. சிமென்ட்டாக அதே இடுப்பிலும் வென்றது. ஒரு பொருள் உடலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. எந்த இடத்தில், எந்த வடிவில், எந்த வேலைக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் கேள்வியே முழுமை பெறும். உடலுக்குள் வைக்கும் பொருள்களைச் சோதிக்கும் கலையின் வரலாறு, இந்த முழுக் கேள்வியை மருத்துவ உலகம் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட வரலாறுதான். அந்தப் பாடத்தின் பெரும்பகுதிக்கு விலை கொடுத்தவர்கள் நோயாளிகள்.

தொடக்கத்தில் கேள்வி மிக எளியதாக இருந்தது: எந்த உலோகம் நல்லது? 1829இல் ஹென்றி லெவர்ட் என்ற அமெரிக்க மருத்துவர் நாய்களின் இரத்தக் குழாய்களை ஈயம், தங்கம், வெள்ளி, பிளாட்டினம் ஆகிய கம்பிகளால் கட்டிப் பார்த்து, திசுவை மிகக் குறைவாக உறுத்துவது பிளாட்டினம் என்று அறிவித்தார். உடலுக்குள் வைக்கும் பொருளை ஒப்பிட்டுச் சோதித்த மிகப் பழைய முயற்சிகளில் இது ஒன்று. ஆனால் அந்தக் காலத்தில் இத்தகைய சோதனை நெடுந்தூரம் போக வழியில்லை. காயத்தில் சீழ் பிடித்தால் அது உலோகத்தின் குற்றமா, கத்தியிலும் கையிலும் இருந்த கிருமியின் குற்றமா என்று பிரித்தறிய முடியாது. 1867இல் ஜோசப் லிஸ்டர் கிருமிநீக்க அறுவை முறையை வெளியிட்ட பிறகே அந்த இரண்டையும் பிரிக்க வழி பிறந்தது. 1895இல் எக்ஸ்ரே வந்தது. திருகாணி தளர்வதையும் எலும்பு அரிபடுவதையும் உடலைத் திறக்காமலே பார்க்க முடிந்தது. சோதனை என்பது பொருளைப் பற்றிய அறிவு மட்டும் இல்லை, உடலுக்குள் நடப்பதைப் பார்க்கும் திறனும்கூட. பார்க்க முடியாத காலத்தில் நல்ல பொருளும் கெட்ட பொருளும் ஒன்றாகவே தெரிந்தன.

1924இல் ஆர்தர் ஜீரோல்ட் என்ற மருத்துவர் நாய்களின் எலும்பில் பல உலோகங்களை வைத்து ஒரு பட்டியல் தயாரித்தார். இரும்பும் சாதாரண எஃகும் கரைந்து அருகிலிருந்த எலும்பையும் கெடுத்தன. தங்கத்தையும் வெள்ளியையும் உடல் பொறுத்துக்கொண்டது, ஆனால் எலும்பைத் தாங்கிப் பிடிக்கும் வலு அவற்றுக்கு இல்லை. 1937இல் டெக்சாஸில் வெனபிள், ஸ்டக் என்ற இரு மருத்துவர்களும் அவர்களோடு இணைந்தவர்களும் ஒரு படி மேலே போனார்கள். வெவ்வேறு உலோகத்தாலான திருகாணிகளை ஒரே விலங்கின் உடலுக்குள் வைத்தால், உப்பு கலந்த உடல்நீரில் அவற்றுக்கிடையே மின்னோட்டம் பிறந்து உலோகமும் எலும்பும் அரிபடுகின்றன என்று காட்டினார்கள். தனித்தனியே சோதனையில் தேறிய இரண்டு உலோகங்கள் சேர்ந்து இருக்கும்போது தோற்கலாம் என்பது புதிய செய்தி. பல் மருத்துவத்தில் இருந்த வைட்டாலியம் என்ற கோபால்ட்-குரோமியக் கலப்புலோகம் இந்த அரிப்புக்கு ஈடுகொடுத்தது. அடுத்த ஆண்டே பாஸ்டனில் ஸ்மித்-பீட்டர்சன் என்ற மருத்துவர் அதைக் கொண்டு இடுப்பு மூட்டுக் கிண்ணம் செய்தார். அதற்கு முன் அவர் கண்ணாடி, செல்லுலாய்டு வகைப் பிளாஸ்டிக், பைரெக்ஸ், பேக்லைட் என ஒவ்வொன்றாக முயன்று பார்த்திருந்தார். அந்த முயற்சிகள் நடந்த இடம் சோதனைக்கூடம் இல்லை, நோயாளிகளின் இடுப்பு.

ரிட்லியின் லென்ஸ் வேறு வகையான சான்றிலிருந்து பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களின் மூடி நொறுங்கியபோது அதன் அக்ரிலிக் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் பாய்ந்தன. அசையும் பகுதிகளைத் தொடாமல் தங்கிய சில்லுகளைச் சுற்றி அழற்சி ஏதும் இல்லாததை ரிட்லி ஆண்டுக்கணக்கில் கவனித்தார். யாரும் திட்டமிடாத ஒரு நீண்டகாலச் சோதனையின் முடிவைச் சரியாகப் படித்தார் என்று சொல்லலாம். அப்படியிருந்தும் அவருடைய முதல் லென்ஸ்கள் சிக்கல் இல்லாமல் இல்லை. அவை கனமாக இருந்ததால் சில இடம்பெயர்ந்தன. கிருமிநீக்கத்துக்குப் பயன்படுத்திய வேதிப்பொருளின் எச்சம் சில கண்களில் அழற்சியைக் கிளப்பியது. பொருள் ஏற்கத்தக்கதாக இருந்தாலும் அதைச் செய்யும் முறையும் கழுவும் முறையும் அதை ஏற்கத்தகாததாக்கலாம் என்பது இதிலிருந்து தெரிந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 2000இல், உற்பத்தியின்போது ஒட்டிய எந்திர எண்ணெயின் எச்சத்தால் எலும்போடு பிணையாமல் போன செயற்கை இடுப்புக் கிண்ணங்களை அமெரிக்காவில் திரும்பப் பெற நேர்ந்தது. ரிட்லியின் கண்ணில் கிடைத்த பாடம் இடுப்பில் இரண்டாம் முறை கற்கப்பட்டது.

இந்த வரலாற்றின் மையக் காட்சி இங்கிலாந்தின் லங்காஷைர் பகுதியில், ரைட்டிங்டன் மருத்துவமனையில் நடந்தது. உடலுக்குள் இருக்கும் மூட்டுக்கு உராய்வு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பது சார்ன்லியின் கணிப்பு. எனவே அறியப்பட்ட பிளாஸ்டிக்குகளிலேயே மிக வழுக்கலானதும், எந்த அமிலத்தோடும் காரத்தோடும் எளிதில் வினைபுரியாததுமான டெஃப்லானைக் கிண்ணமாகத் தேர்ந்தெடுத்தார். அன்றைய அறிவின்படி அது குறையற்ற தேர்வு. 1950களின் இறுதியிலிருந்து சுமார் 300 பேருக்கு அந்த மூட்டைப் பொருத்தினார். தொடக்க முடிவுகள் அருமையாக இருந்தன. 1961இல் லான்செட் இதழில் அவற்றை வெளியிட்டார். அடுத்த ஓராண்டில் நிலைமை தலைகீழானது. எஃகுப் பந்து டெஃப்லானை மிக வேகமாகத் தேய்த்தது, உதிர்ந்த துகள்களைச் சுற்றிப் பாலாடைக்கட்டி போன்ற திசுத் திரள்கள் உருவாயின, எலும்பு அரிபட்டது, மூட்டுகள் தளர்ந்தன. அந்த நோயாளிகளை மீண்டும் மேசையில் கிடத்தி மூட்டைக் கழற்றும் வேலையைச் சார்ன்லியே செய்தார். முழுப் பாளமாக உடலுக்குள் அமைதியாக இருக்கும் டெஃப்லான், நுண்துகளாக மாறும்போது உடலின் பகையாகிவிடுகிறது. வேதியியல் பாடநூல் சொன்ன வினைபுரியாமை முழுக்க உண்மைதான். உடலின் செல்கள் துகளின் வேதியியலை மட்டும் பார்ப்பதில்லை, அதன் அளவையும் எண்ணிக்கையையும் பார்க்கின்றன என்பதுதான் அதுவரை யாரும் கேட்காத கேள்விக்கான விடை.

அதற்குப் பின் நடந்தது சோதனைக்கூடத்தின் மதிப்பை நிறுவிய நிகழ்ச்சி. 1962இல், நெசவாலை எந்திரங்களுக்குப் பல்சக்கரம் விற்கும் ஒருவர், மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் துண்டு ஒன்றை மருத்துவமனைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். சார்ன்லிக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவருடைய தொழில்நுட்ப உதவியாளர் ஹாரி கிரேவன், சார்ன்லி வெளியூர் சென்றிருந்த நேரத்தில், அதைத் தேய்மானச் சோதனை எந்திரத்தில் மாட்டி ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடியபின்னும் அது தேய்ந்த அளவு, டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவைவிடக் குறைவாக இருந்தது. இதன்பிறகு சார்ன்லி டெஃப்லானையும் பாலிஎத்திலீனையும் தன் தொடையின் தோலுக்கடியில் செலுத்திக்கொண்டார். ஒன்பது மாதத்துக்குப் பின் டெஃப்லான் இருந்த இடங்கள் கையில் தடிப்பாகத் தட்டுப்பட்டன, பாலிஎத்திலீன் இருந்த இடமோ தடவிப் பார்த்தாலும் எளிதில் தெரியவில்லை. 1963இல் அதை லான்செட்டுக்குக் கடிதமாக எழுதினார். தன் நோயாளிகளுக்கு நேர்ந்ததைத் தன் உடலில் தாங்கிப் பார்க்கத் துணிந்த அந்த மனிதரின் நேர்மை வணக்கத்துக்குரியது. ஆனால் இங்கே எடை போட வேண்டியது வேறொன்று. முந்நூறு அறுவைகளும் பல ஆண்டுகளும் கழித்துச் சொன்ன செய்தியை ஓர் எந்திரம் மூன்று வாரத்தில் சொல்லிவிட்டது. அந்த எந்திரம் முதலில் ஓடியிருந்தால் முந்நூறு பேர் அந்த வலியைத் தாங்கியிருக்க வேண்டியதில்லை.

பாலிஎத்திலீன் கிண்ணம் வென்றது; செயற்கை இடுப்பு மூட்டு உலகம் முழுவதும் பரவியது. அத்தோடு கதை முடிந்திருந்தால், நல்ல பொருளைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நிம்மதி கொள்ளலாம். ஆனால் 1970களில் ஜெர்மானிய மருத்துவர் வில்லர்ட்டும் அவருடைய சகாக்களும், பல ஆண்டுகள் இருந்து தளர்ந்த மூட்டுகளைச் சுற்றிய திசுவில் பாலிஎத்திலீன் நுண்துகள்கள் நிறைந்திருப்பதைக் காட்டினார்கள். துகள்களை விழுங்கிய செல்கள் அவற்றைச் செரிக்க முடியாமல் அழற்சியைத் தூண்ட, எலும்பு மெல்லக் கரைந்தது. 1980களில் சிலர் இதைச் சிமென்ட்டால் வரும் நோய் என்றே கருதினார்கள், சிமென்ட் இல்லாத மூட்டுகளைப் பொருத்தினார்கள். அங்கும் எலும்பு கரைந்தபோதுதான் துகளின் பங்கு ஐயமின்றித் தெளிவானது. சார்ன்லியின் தொடையில் ஒன்பது மாதம் அமைதியாக இருந்த அதே பொருள், இடுப்பில் பத்துப் பதினைந்து ஆண்டு அசைந்தபின் தன் மறுபக்கத்தைக் காட்டியது. சோதனை பொய் சொல்லவில்லை. ஒன்பது மாதம், அசையாத தோலடி என்ற இரண்டு எல்லைகளுக்குள் அது சொன்னது உண்மைதான். அந்த எல்லைகளுக்கு வெளியே அதன் சொல்லை நீட்டித்தது மனிதர்களின் பிழை. 1990களின் இறுதியில், கதிர்வீச்சால் மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்த பாலிஎத்திலீன் வந்த பிறகே இந்தத் தேய்மானம் பெருமளவு குறைந்தது.

ஒருமுறை கற்ற பாடம் நிலைத்துவிடும் என்றும் எண்ண முடியாது. சார்ன்லி தன் கடிதத்தை வெளியிட்டு இருபது ஆண்டு கழித்து, 1983இல், டெஃப்லான் கலந்த தாடை மூட்டு ஒன்று அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தாடை, நாள் முழுவதும் மெல்லவும் பேசவும் அசைந்துகொண்டே இருக்கும் மூட்டு. இடுப்பில் நடந்தது இங்கும் நடந்தது: டெஃப்லான் தேய்ந்து துகளானது, துகள்களைச் சூழ்ந்த செல்கள் தாடை எலும்பை அரித்தன, சிலருக்கு அரிப்பு மண்டையோடு வரை சென்றது. 1990களின் தொடக்கத்தில் அந்நாட்டு உணவு மருந்து ஆணையம் எச்சரிக்கை விடுத்தது. இத்தனைக்கும் அதே டெஃப்லானை இழுத்து நுண்துளைகள் உண்டாக்கிச் செய்த செயற்கை இரத்தக் குழாய்கள் 1970கள் தொட்டு நன்றாகவே இயங்கி வருகின்றன. குழாயில் உராயும் எதிர்ப்பரப்பு கிடையாது, எனவே துகளும் இல்லை. டெஃப்லான் உடலுக்கு ஏற்றது என்ற பொதுவான நற்பெயரே தாடையில் அதை வைக்கும் துணிவைத் தந்தது என்று சொல்வது மிகையாகாது. நற்பெயர் பொருளுக்கு ஒட்டிக்கொள்கிறது, ஆபத்தோ வேலையில் இருக்கிறது.

இந்த அனுபவங்கள் மெல்ல விதிகளாக உருவெடுத்தன. 1962இல் அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் அமைப்பில், உடலுக்குள் வைக்கும் பொருள்களுக்கான தரங்களை வகுக்க எஃப்04 என்ற குழு தோன்றியது. 1976இல் அந்நாடு மருத்துவச் சாதனங்களைச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. 1986இல் இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் கூடிய அறிஞர்கள், உடலின் ஏற்பு என்பது குறிப்பிட்ட ஒரு பயன்பாட்டில், உடலிடமிருந்து தக்க எதிர்வினையைப் பெற்றுத் தன் வேலையைச் செய்யும் திறன் என்று வரையறுத்தார்கள். எதிர்வினையே கூடாது என்ற பழைய எதிர்பார்ப்பு அங்கே கைவிடப்பட்டது. ஸ்வீடனில் பிரோனெமார்க் என்ற ஆய்வாளர் முயலின் எலும்பில் வைத்த டைட்டானியத்தை, எலும்பு இறுகப் பற்றிக்கொண்டதால் கழற்ற முடியாமல் போனதைக் கண்டு பல் நடுதலுக்கு வழி கண்டிருந்தார். சில இடங்களில் உடல் வினைபுரிவதே வெற்றி என்பதற்கு அது சான்று. 1992 முதல் வெளிவந்த ஐஎஸ்ஓ 10993 தரநிலை இந்தப் பார்வையை நடைமுறையாக்கியது. சாதனம் உடலின் எந்தப் பகுதியைத் தொடுகிறது, 24 மணி நேரத்துக்குள்ளா, 30 நாள் வரையா, அதற்கும் மேலா என்று முதலில் கேட்டு, அதற்கேற்பச் சோதனைகளை அது வரிசைப்படுத்துகிறது. பொருளை ஊறவைத்த சாறு வளர்ப்புச் செல்களைக் கொல்கிறதா, ஒவ்வாமையைத் தூண்டுகிறதா, இரத்தத்தை உறையவைக்கிறதா, மரபணுவைக் கெடுக்கிறதா, விலங்கின் திசுவில் மாதக்கணக்கில் இருந்தால் என்ன ஆகிறது எனக் கேள்விகள் நீள்கின்றன. பொருளின் பெயரைப் பார்த்து முத்திரை குத்தும் வழக்கத்துக்குப் பதில், இடத்தையும் காலத்தையும் கேட்கும் வழக்கம் இவ்வாறு எழுத்தில் வந்தது.

இந்த முழுக் கேள்வியை முறையாகக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே, திருவனந்தபுரத்தில், ஓர் எடுத்துக்காட்டு உண்டு. முடக்குவாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்ட ஏழை இளைஞர்கள் ஏராளமாக இருந்த நாட்டில், இறக்குமதி வால்வின் விலை அவர்களுக்கு எட்டாததாக இருந்தது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தானும் பொறியாளர் ஜி. எஸ். புவனேஷ்வரும் உள்நாட்டிலேயே வால்வு செய்ய முனைந்தார்கள். இதயம் நிமிடத்துக்கு 70 முறை துடித்தால் ஓர் ஆண்டில் வால்வு சுமார் 3.7 கோடி முறை திறந்து மூட வேண்டும். இடமும் வேலையும் காலமும் இவ்வளவு கடுமையான இன்னொரு உறுப்பு அரிது. அவர்களுடைய முதல் மாதிரியில் பற்றவைத்த கம்பி முறிந்தது. இரண்டாவதில் மிகக் கடினமான சஃபையர் படிக வட்டு, தன்னைத் தாங்கிய டைட்டானியத்தைத் தேய்த்தது. மூன்றாவதில் திறந்து மூடும் மோதலில் சஃபையர் வட்டே உடைந்தது. நான்காவது மாதிரியில் ஒரே துண்டு கோபால்ட்-குரோமியக் கலப்புலோகத்தில், பற்றவைப்பே இல்லாமல் கடைந்த கூடும், மிக உயர் மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீன் வட்டும், பாலியெஸ்டர் தையல் வளையமும் இருந்தன. அது எந்திரத்தில் ஓடியது, செம்மறி ஆடுகளின் இதயத்தில் இயங்கியது, 1990 டிசம்பர் 6 அன்று முதல்முறையாக மனித இதயத்தில் வைக்கப்பட்டது. ஆறு மையங்களில் 306 நோயாளிகளிடம் அதன் செயல்பாடு கண்காணிக்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த டிடிகே குழுமம் உற்பத்தியை ஏற்க, அந்த வால்வு இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேலானோருக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது.

திருவனந்தபுரத்தின் இந்தச் சித்திரை வால்வின் மூன்று தோல்விகளும் இந்த வரலாற்றில் பெருமைக்குரியவை, ஏனென்றால் மூன்றும் மனித உடலுக்கு வெளியே நிகழ்ந்தன. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் மேலை நாடுகளில் விற்பனையான பியோர்க்-ஷைலி வால்வின் ஒரு மாதிரியில், பற்றவைத்த கம்பி நோயாளிகளின் இதயத்துக்குள்ளேயே முறிந்து உயிர்களைப் பறித்தது. உலகம் முழுவதும் சுமார் 86,000 பேருக்குப் பொருத்திய பின் 1986இல் அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. திருவனந்தபுரத்தில் சோதனைக்கூடம் கண்டுபிடித்த அதே வகைக் குறையை அங்கே நோயாளிகளின் மரணம் கண்டுபிடித்தது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இடுப்பில் எலும்பைக் கரைத்த பாலிஎத்திலீன், இதய வால்வின் வட்டாக நிலைத்துவிட்டது. இடுப்புக் கிண்ணம் உடலின் எடையைத் தாங்கி உராய்கிறது. வால்வின் வட்டு இரத்தத்தின் நடுவே இலேசாகச் சாய்ந்து எழுகிறது. படிகத்தின் கடினத்தைக் காட்டிலும் பிளாஸ்டிக்கின் மென்மை அங்கே மேலான தகுதியாயிற்று.

இவ்வளவு கடுமையாகச் சோதித்தால் புதுமையே பிறக்காது, ரிட்லியும் சார்ன்லியும் இன்றைய விதிகளின் கீழ் ஒரு நோயாளியைக்கூடத் தொட்டிருக்க முடியாது என்ற மறுப்பு அடிக்கடி எழுகிறது. அதில் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. தாமதத்துக்கும் விலை உண்டு; வால்வு கிடைக்காமல் இறந்தவர்களின் கணக்கை எந்த விதிப் புத்தகமும் எழுதுவதில்லை. ஆனால் அந்த இருவரின் வரலாற்றையே பார்ப்போம். ரிட்லியிடம் ஆண்டுக்கணக்கான விமானிகளின் கண் சான்று இருந்தது. சரியான இடத்தில் கிடைத்த சான்று அது. சார்ன்லியிடம் டெஃப்லானுக்கு அப்படிச் சான்று இல்லை. பாலிஎத்திலீனுக்கு அது கிடைத்தபோது தந்தது மூன்று வார எந்திர ஓட்டம். புதுமைக்குத் தடையாக இருந்தது சோதனை என்று சொல்ல இந்த வரலாறு இடம் தரவில்லை. சித்திரை வால்வுக்குப் பத்தாண்டுக்கும் மேல் பிடித்தது உண்மை, ஆனால் அந்த ஆண்டுகள் விலையைக் கூட்டவில்லை. இறக்குமதியைவிடக் குறைந்த விலையில்தான் அது வந்தது. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையோடு இணைந்து 1992இல் தொடங்கிய அரோலேப், ரிட்லியின் அதே அக்ரிலிக் லென்ஸை இறக்குமதி விலையில் ஒரு சிறு பங்குக்குச் செய்து, உலகத் தரத்துக்கு நிறுத்திக் காட்டியது. ஏழை நாட்டுக்குக் கண்டிப்பான சோதனை கட்டுப்படியாகாது என்ற வாதத்துக்கு மதுரையும் திருவனந்தபுரமும் சேர்ந்து விடை சொல்லிவிட்டன.

எதிர்த்திசையிலிருந்து வரும் மறுப்பு இன்னும் வலுவானது: சோதனைக்கூடம் உடலை முழுதாகப் போலச் செய்ய முடியாது, அப்படியிருக்க அதை ஏன் நம்ப வேண்டும்? 1960களின் ஸ்டார்-எட்வர்ட்ஸ் இதய வால்வின் சிலிக்கோன் பந்து, இரத்தத்திலுள்ள கொழுப்பை உறிஞ்சி உப்பி விரிசல் விட்டது. துடிப்பின் தாளத்தை மட்டும் போலச் செய்யும் எந்திரத்தால் இதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2010 ஆகஸ்ட்டில் உலகம் முழுவதிலும் சுமார் 93,000 பேருக்குப் பொருத்திய பின் திரும்பப் பெறப்பட்ட ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டும் அப்படித்தான். உலோகத்தோடு உலோகம் உராயும் அந்த மூட்டில், கிண்ணம் சற்றே செங்குத்தாக அமைந்துவிட்டால் பந்து அதன் விளிம்பில் உராய்ந்து, கோபால்ட்டையும் குரோமியத்தையும் திசுவிலும் இரத்தத்திலும் கலந்தது. கிண்ணம் சரியான கோணத்தில் இருக்கும் என்று எண்ணி நடத்தும் சோதனையில் இது வெளிப்படாது. இந்த மறுப்பை ஏற்றுக்கொள்ளவே வேண்டும். அதன் முடிவு சோதனையைக் கைவிடுவது இல்லை, சோதனையை அறுவைக் கூடத்தோடு நிறுத்திவிடாமல் நோயாளியின் வாழ்நாள் முழுவதும் நீட்டுவது. ஏஎஸ்ஆரின் குறையை எச்சரித்தவை நாட்டளவிலான மூட்டுப் பதிவேடுகள். ஸ்வீடன் இடுப்பு மூட்டுகளுக்கு 1979இலேயே அத்தகைய பதிவேட்டைத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் பின்னர் தொடங்கின. எந்த மூட்டு, யாருக்கு, எப்போது, எப்போது கழற்றப்பட்டது என்ற நான்கு விவரங்களைத் தவறாமல் எழுதி வைத்ததுதான் அவற்றின் அறிவியல். எந்த விலங்குச் சோதனையும் தராத பல்லாயிரம் உடல்களின் இருபது ஆண்டு விடையை அந்தப் பதிவுகள் தருகின்றன.

விலங்குகளை வைத்துச் சோதிப்பது அறமா என்ற கேள்வியும் இந்த வரலாற்றோடு கூடவே வருகிறது. லெவர்ட்டின் நாய்கள் முதல் திருவனந்தபுரத்துச் செம்மறிகள் வரை, மனிதருக்கு உதவிய ஒவ்வொரு வெற்றியிலும் அவற்றின் உயிர் கலந்திருக்கிறது; அந்தக் கடனை மறைக்கக் கூடாது. ஐஎஸ்ஓ 10993 தரநிலையின் ஒரு பகுதியே விலங்கு நலனுக்கு ஒதுக்கப்பட்டது. முயலின் தோலில் செய்துவந்த எரிச்சல் சோதனைக்குப் பதில், மனிதத் தோல் செல்களிலிருந்து வளர்த்த திசுவைப் பயன்படுத்தும் முறை 2021இல் தரநிலைக்குள் வந்தது. ஒரு சாறு செல்லைக் கொல்கிறதா என்ற அளவிலான கேள்விக்குச் செல் வளர்ப்பே போதும், அங்கே விலங்கைப் பயன்படுத்துவது வீண் கொடுமை. ஆனால் இரத்தம் ஓட, எலும்பு வளர, எதிர்ப்புச் செல்கள் ஆண்டுக்கணக்கில் திரள நடக்கும் விளைவை, உயிருள்ள முழு உடலில் மட்டுமே இன்று காண முடிகிறது. எந்தக் கேள்விக்கு எந்தச் சோதனை என்று பிரித்துப் பார்த்தால் தேவையற்ற உயிர்க்கொலை குறையும், தேவையான அறிவும் இழக்கப்படாது.

இந்தியா இந்தப் பாதையில் பாதி தூரம் வந்திருக்கிறது. சாதனங்களால் நேரும் தீங்கைப் பதிவு செய்யும் தேசியத் திட்டம் 2015இல் தொடங்கியது, மருத்துவச் சாதன விதிகள் 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. ஆனால் ஏஎஸ்ஆர் மூட்டு இங்கே ஏறத்தாழ 4,700 அறுவைகளில் பயன்பட்டிருந்தும், திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தபின் அந்த நோயாளிகளில் பலரைத் தேடிக் கண்டடையவே முடியவில்லை. யாருக்கு எது வைக்கப்பட்டது என்ற பதிவு நிலையாக இல்லாததே காரணம். ஒரு பொருளை உடலுக்குள் வைப்பது ஒரு நாளில் முடியும் வேலை. அது தகுதியானதா என்று அறிவதோ அந்த உடல் வாழும் காலம் முழுவதற்குமான கடமை. மூட்டு, வால்வு, லென்ஸ், ஸ்டென்ட் என எது பொருத்தப்பட்டாலும் அதன் தயாரிப்பு எண்ணோடு கட்டாயமாகப் பதிவேட்டில் ஏற வேண்டும், அந்தப் பதிவேட்டின் முடிவுகள் ஆண்டுதோறும் பொதுமக்களுக்கு வெளியிடப்பட வேண்டும், நோயாளி கையில் அந்த விவரம் இருக்க வேண்டும். எந்த இடத்தில், எந்த வேலைக்கு, எத்தனை ஆண்டுக்கு என்ற கேள்வியின் முதல் இரண்டு பகுதிகளைக் கேட்க நம் விஞ்ஞானிகள் திருவனந்தபுரத்திலும் மதுரையிலும் கற்றுத் தந்துவிட்டார்கள். மூன்றாவது பகுதிக்கு விடை காண எந்திரமோ ஆடோ போதாது. அதை அரசும் மருத்துவமனைகளும் சேர்ந்து, நாள்தோறும் எழுதி வைக்கும் கணக்காகத்தான் தர முடியும்.